பலகையும் பார்வையும்

அரபு மொழியில் 'லவ்ஹு' என்றால் பலகை. மூஸா நபி (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற கட்டளைகள் பலகைகளில் எழுதப்பட்டிருந்தன எனத் திருமறை கூறுகின்றது. எழுத்தறியத் தொடங்கும் சிறாரின் கையிலிருந்த மரப்பலகைக்கும் அதுவே பெயர். ஓதும் பள்ளியில் அமர்ந்து, பலகையில் அலிஃப், பே எழுதி, உஸ்தாதிடம் காட்டித் திருத்தம் பெற்று, அதனைக் கழுவி மீண்டும் எழுதிப் பழகியவர்கள் நம் முன்னோர். இன்று 'டேப்லெட்' என வழங்கப்படும் கையடக்கக் கணினிக்கும் அரபு மக்கள் அந்தப் பழஞ்சொல்லையே எடுத்து 'ஜிஹாஸ் லவ்ஹீ' எனப் பெயரிட்டுள்ளனர். பலகைக் கருவி என்பது அதன் பொருள்.

பெயர் ஒன்றாயினும் பலகைகள் இரண்டும் ஒன்றல்ல. பழைய பலகை உஸ்தாதின் பார்வைக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் அதனைப் படிக்கலாம். புதிய பலகையோ தன்னை ஏந்தியிருப்பவரின் முகத்தை மட்டுமே நோக்குகின்றது. அதில் என்ன எழுதப்படுகின்றது, என்ன படிக்கப்படுகின்றது என்பதை அருகில் அமர்ந்திருக்கும் தாயும் அறியாள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எழும் அறக்கேள்வி ஒன்றை ஈண்டு ஆராய்வோம். பிள்ளையின் பலகையைப் பெற்றோர் பிள்ளை அறியாமல் திறந்து பார்க்கலாமா? கூடாதெனில், இறைவன் அவர்கள்மீது சுமத்திய பொறுப்பு என்னாவது?

கம்பி அறுந்த கதை

கணினி நம் இல்லங்களுக்குள் முதன்முதல் வந்தபோது கம்பியோடு வந்தது. தொலைபேசிக் கம்பி எட்டும் இடத்தில், பெரும்பாலும் கூடத்தில், ஒரு மேசைமேல் அமர்ந்தது. போவோரும் வருவோரும் அதனைப் பார்த்தனர். எவரும் கண்காணிக்கவில்லை, ஆயினும் கூடமே கண்ணாக இருந்தது.

1997 ஆம் ஆண்டில் கம்பியில்லா இணைப்புக்குரிய பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. வீட்டின் மூலையில் இருக்கும் சிறு பெட்டி, கம்பி வழியாக வரும் செய்தியை வானொலி அலைகளாக மாற்றிப் பரப்புகின்றது. அவ்வலைகள் சுவரைக் கடந்து படுக்கையறைக்கும் மாடிக்கும் செல்கின்றன. 2010 இல் ஐபேட் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 2011 அக்டோபரில், மாணவர்களுக்கென்று மிகக் குறைந்த விலையில் 'ஆகாஷ்' என்னும் பலகைக் கணினியை இந்திய அரசு அறிமுகம் செய்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் அடைபட்டபோது, வாங்க இயன்றவரும் கடன்பட்டவருமாக எல்லோரும் ஏதேனும் ஒரு திரையைப் பிள்ளையின் கையில் கொடுத்தாக வேண்டியதாயிற்று. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரை பயிலும் சிறார்க்கு 2021 நவம்பர் முதல் நாள்தான் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அதற்குள் பலகை வீட்டின் ஓர் உறுப்பாகிவிட்டது. 2025-26 ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசே 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ பலகைக் கணினியோ வழங்குவதாக அறிவித்தது.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றிகேடாகும். முற்காலத்தில் ஒரு கிதாபைக் காண்பதற்காக வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கோ, 1924 இல் தோன்றிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமுக்கோ மாணவர் பயணம் போனதுண்டு. இன்று 'மக்தபா ஷாமிலா' என்னும் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் ஒரு பலகைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. தேடும் சொல்லை எழுதினால் அது வரும் இடங்களெல்லாம் நொடியில் வந்து நிற்கின்றன.

ஆனால் கம்பி அறுந்தபோது கூடத்தின் கண்ணும் அறுந்தது என்பதை மறத்தலாகாது. பாலாற்றுப் படுகை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகியவற்றின் வாழ்க்கை முறையை எண்ணிப் பாருங்கள். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ, வணிகத்தின் பொருட்டுச் சென்னையிலோ, வளைகுடா நாட்டிலோ இருக்கின்றார். தாய் காலணித் தொழிற்சாலைக்குச் செல்கின்றாள். அல்லது காலணியின் மேற்பாகத்தை வாங்கிவந்து வீட்டில் அமர்ந்து கையால் தைக்கின்றாள். பிள்ளையும் பலகையும் தனித்திருக்கின்றனர். அந்தத் தனிமையில் கல்வி மட்டும் வரவில்லை. ஆபாசம் வருகின்றது, ஆசை காட்டிப் பணம் பறிப்பவன் வருகின்றான், சூது வருகின்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்ததெனின், பெற்றோரின் அச்சம் வீண் அச்சமன்று என்பது வெள்ளிடை மலை.

இரு கட்டளைகள்

இங்கே மார்க்கத்தின் இரு கட்டளைகள் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து வினவப்படுவீர்கள் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். தன்னையும் தன் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுமாறு திருமறையின் 'தஹ்ரீம்' அத்தியாயம் ஏவுகின்றது. ஆடு எங்கே மேய்கின்றது என்று பாராதவன் மேய்ப்பனாவானா? எனவே பார்க்கத்தான் வேண்டும் என்பர் ஒரு சாரார்.

'ஹுஜுராத்' அத்தியாயமோ துருவித் துருவி ஆராய்வதை, 'தஜஸ்ஸுஸ்' என்னும் வேவு பார்த்தலை, வெளிப்படையாகத் தடுக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது அவர்கள் கடிந்துகொண்டு, அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பிறருடைய கடிதத்தை அவர் இசைவின்றிப் பார்ப்பவன் நெருப்பைப் பார்ப்பவன் போலாவான் என்னும் கருத்தில் ஓர் அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று அந்நூலாசிரியரே குறித்துள்ளார். எனினும் மேற்கண்ட வலுவான ஆதாரங்களோடு அதன் கருத்து ஒத்துச் செல்கின்றது. பலகைக்குள் இருப்பது கடிதமும் அன்றோ? எனவே பார்க்கவே கூடாது என்பர் மற்றொரு சாரார்.

இறைவனின் கட்டளைகள் தம்முள் முரண்படா. முரண் தோன்றுமாயின் நம் விளக்கத்தில்தான் குறை இருத்தல் வேண்டும். மேய்ப்பனுக்குரிய பார்வை வேறு, வேவுகாரனுக்குரிய பார்வை வேறு என்பதைப் பிரித்தறியாமையே அக்குறை. மேய்ப்பன் ஆட்டுக்குத் தெரியும்படி நிற்கின்றான். வேவுகாரன் மறைந்து நிற்கின்றான். மேய்ப்பன் காப்பதற்காகப் பார்க்கின்றான். வேவுகாரன் பிடிப்பதற்காகப் பார்க்கின்றான். பார்க்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். பார்வையின் முறை அதனை அறமாகவோ பாவமாகவோ ஆக்கிவிடுகின்றது.

சுவரேறிய கலீஃபா

இப்பகுப்பு நம் கற்பனையன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் எடுத்தாளும் நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சான்று. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டில் பாட்டொலி கேட்டது. சுவரேறி உள்ளே இறங்கினார்கள். ஒருவன் மதுவோடு அமர்ந்திருந்தான். கலீஃபா சினந்தார்கள். அவனோ, தான் ஒரு கட்டளையை மீறியிருப்பின் கலீஃபா மூன்றை மீறிவிட்டதாகச் சொன்னான்: வேவு பார்த்தது ஒன்று, வாசல் வழியாக வராதது மற்றொன்று, ஸலாம் சொல்லி அனுமதி பெறாதது வேறொன்று. உமர் (ரலி) அவர்கள் அவனைத் தண்டிக்காது திரும்பினார்கள்.

உமரின் நோக்கம் தூய்மையானது. அதிகாரம் மறுக்க முடியாதது. ஐயமோ மெய்யாகவே முடிந்தது. அப்படியிருந்தும் வழி தவறாக இருந்தமையால் கலீஃபாவே பின்வாங்க நேர்ந்தது. "என் பிள்ளை, என் பணம், என் வீட்டு இணைப்பு, நான் ஏன் பார்க்கக் கூடாது?" என்று கேட்கும் தந்தைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை. பிள்ளை உறங்கும்போது அவன் விரலைப் பலகையில் ஒற்றித் திறப்பதும், அவன் அறியாமல் உளவுச் செயலி ஒன்றை உள்ளே வைப்பதும் சுவரேறுதலே ஆகும்.

ஆனால் விதிவிலக்கே இல்லையா? உண்டு. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில், தீமையைத் தடுக்கும் அதிகாரி வேவு பார்க்கலாகாது என்று விதித்துவிட்டு, நம்பத்தக்க ஒருவர் மூலம் ஈடுசெய்ய இயலாத கேடு நிகழப்போவதாக, ஒருவன் கொல்லப்பட இருப்பது போன்ற செய்தி கிட்டினால் மட்டும் உள்ளே புகலாம் என்கின்றார்கள். அதுபோன்று, பிள்ளை மிரட்டப்படுகின்றான், உண்ணவும் உறங்கவும் மறுக்கின்றான், உயிருக்கோ மானத்துக்கோ இடர் நெருங்கியிருக்கின்றது என்பதற்கு அறிகுறி இருந்தால் கதவை உடைப்பதும் கடமையாகலாம். வீடு எரியும்போது எவரும் அனுமதி கேட்டு நிற்பதில்லை. ஆனால் நாள்தோறும் வீடு எரிவதாகச் சொல்லிக்கொண்டு நாள்தோறும் கதவை உடைப்பவனை என்னென்பது?

உப்பும் பதனும்

வேவு பார்த்தல் பாவம் என்பதோடு பயனற்றதும் ஆகும். இதனைத் தோல் தொழில் அறிந்தவர்க்கு விளக்குதல் எளிது.

உரித்த தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஆகவே உடனே உப்பிடுகின்றனர். உப்பு நீரை ஈர்த்து அழுகலை நிறுத்திவைக்கின்றது, அவ்வளவே. உப்பைக் கழுவிவிட்டு அப்படியே போட்டால் அத்தோல் மீண்டும் அழுகும். பதனிடுதல் வேறு. முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், பின்னாளில் குரோமிய உப்பும் தோலின் நாருக்குள் ஊடுருவி அதனோடு ஒன்றிப்போயின. பதனிட்ட தோல் நனைந்தாலும் எளிதில் அழுகாது. காக்கும் பொருள் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கின்றது.

மறைமுகக் கண்காணிப்பு உப்பிடுதல். பார்வை இருக்கும்வரை பிள்ளை கெடமாட்டான். விடுதிக்குப் போன நாளில், வேலைக்காகச் சென்னைக்கோ துபாய்க்கோ போன நாளில், உப்பு கழுவப்பட்டுவிடும். 'தர்பிய்யத்' என்னும் வளர்ப்போ பதனிடுதல். இறைவன் தன்னைக் காண்கின்றான் என்னும் உணர்வு, 'முராகபா' என்று நம் பெரியோர் சொன்னது, உள்ளத்தின் நாருக்குள் ஏறுதல் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். உடனடியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஒன்றே பிள்ளையோடு எவ்வூருக்கும் செல்லும்.

உப்பிடுதலால் வேறொரு கேடும் உண்டு. உப்பு தோலோடு நிற்பதில்லை. ஊறவைக்கும் முதல் தொட்டியிலேயே கரைந்து கழிவாகின்றது. கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பது அரிது, செலவும் மிகுதி. பதனிடும் மருந்துகளோடு இந்த உப்பும் சேர்ந்து பாலாற்றையும் கிணறுகளையும் எவ்வாறு கெடுத்தன என்பதை 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. 2025 ஜனவரியிலும் அதே துன்பத்தைக் குறித்து மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. வேவு பார்க்கும் வீட்டிலும் இவ்வாறே ஒரு மாசு கரைந்து நிற்கும். அதன் பெயர் அவநம்பிக்கை. மக்களின் குறைகளைத் துருவிச் சென்றால் அவர்களையே கெடுத்துவிடுவாய் என்னும் கருத்தில் முஆவியா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள நபிமொழி அனுபவ உண்மை. வேவு பார்க்கப்பட்ட பிள்ளை நல்லவனாவதில்லை, மறைப்பதில் வல்லவனாகின்றான்.

யார் பலகை பறிக்கப்படுகின்றது?

இனி, சற்றே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அச்சம் மிகும்போது நம் வீடுகளில் யாருடைய கையிலிருந்து பலகை பறிக்கப்படுகின்றது? மகனிடமிருந்தா, மகளிடமிருந்தா?

2019-21 இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் இந்தியாவில் 33 விழுக்காட்டினர். ஆண்களோ 57 விழுக்காட்டினர். இந்த இடைவெளிக்கு வறுமை மட்டும் காரணமாயின், ஒரே வீட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே வேறுபாடு தோன்றக் காரணமில்லை.

கேரளத்தில் நடந்த வழக்கொன்றை இங்கு நினைவுகூரலாம். கோழிக்கோடு மாவட்டத்தில் கல்லூரி மாணவியர் விடுதியொன்றில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என விதி இருந்தது. அதற்கு இணங்காத மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். ஃபஹீமா ஷிரின் வழக்கு எனப் பெயர்பெற்ற அதில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. அறிவைத் தேடிச் சென்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரால் இந்நாட்டில் அத்தகைய உரிமை நிலைநாட்டப்பட்டது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி அன்றோ!

வாணியம்பாடியில் 1919 இல் இஸ்லாமியாக் கல்லூரியையும், மேல்விஷாரத்தில் 1965 இல் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் கண்ட சமுதாயம் இது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தவர்கள் நம் பெரியோர். பின்னர் அவ்வூர்களில் மகளிர் கல்லூரிகளும் தோன்றின. கல்லூரியின் வாயிலைப் பெண்ணுக்குத் திறந்துவிட்டு, பலகையின் வாயிலை மட்டும் அடைப்பது எவ்வகை நியாயம்?

மற்றோர் இரவில் அதே உமர் (ரலி) அவர்கள் நகர்வலம் வருகையில் கேட்ட உரையாடலை அனைவரும் அறிவர். பாலில் நீர் கலக்கச் சொன்னாள் தாய். கலீஃபாவின் தடையை நினைவூட்டினாள் மகள். உமர் இங்கே பார்க்கவில்லை என்றாள் தாய். உமரின் இறைவன் பார்க்கின்றான் என்றாள் மகள். அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கே மணமுடித்தார்கள் கலீஃபா. அவர்கள் வழியில் தோன்றியவரே நீதி தவறா வேந்தர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). முராகபாவுக்கு நம் வரலாறு காட்டும் இந்த எடுத்துக்காட்டு ஓர் இளம்பெண். யாரும் பார்க்காத இரவில், யாருடைய கண்காணிப்பும் இல்லாத குடிசையில், தாயே தவறத் தூண்டியபோதும் தவறாதவள். இறைவன் அஞ்சும் உள்ளத்தை ஆணுக்கு மட்டும் கொடுத்தான் என்று கருதுவோர் அவளை மறந்தவர்கள்.

வாசல் வழி

அப்படியாயின் மேய்ப்பன் செய்ய வேண்டுவது யாது? 'நூர்' அத்தியாயம் வழி காட்டுகின்றது. பருவமடையாத சிறாரும் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டும் என்றும், பருவமடைந்தபின் எவ்வேளையிலும் அனுமதி பெறவேண்டும் என்றும் அது கற்பிக்கின்றது. பெற்றோரின் அந்தரங்கத்தைப் பிள்ளை மதிக்கக் கூறும் கட்டளை அது. அந்தரங்கம் என்பது பருவத்தோடு வளர்வது என்னும் உண்மையும் அதனுள் உள்ளது.

எனவே சிறு பிள்ளையின் பலகை பழைய மரப்பலகையைப் போலவே இருக்கட்டும். கூடத்தில், பெரியோர் அருகில், எல்லோருக்கும் தெரியும்படி. இரவில் வீட்டின் எல்லாத் திரைகளும், தந்தையுடையதும் சேர்த்து, ஓரிடத்தில் வைக்கப்படட்டும். விதி தனக்கில்லாதவன் விதிக்கும் விதி பிள்ளையின் உள்ளத்தில் ஏறாது. தடுக்க வேண்டிய தளங்களை இணைப்புப் பெட்டியிலேயே தடுத்துவைக்கலாம். பிள்ளையிடம் சொல்லிச் செய்தால் அது வேலி, சொல்லாமல் செய்தால் அது கண்ணி. பருவமடைந்த மகனுக்கும் மகளுக்கும் வேலி மெல்ல மெல்லத் தளரட்டும். இருவர்க்கும் ஒரே அளவில் தளரட்டும். தவறு நேர்ந்தால் முதலில் ஓடிவந்து சொல்லத்தக்க இடம் தாயின் மடியே என்னும் துணிவு பிள்ளைக்கு இருக்கட்டும். மிரட்டிப் பணம் கேட்பவனுக்குத் துணைநிற்பது, வீட்டில் சொன்னால் அடிப்பார்கள் என்னும் பிள்ளையின் அச்சமே.

ஒன்றைப் பிள்ளைக்கு அறிவுறுத்தவும் வேண்டும். பலகையில் 'மறைவு முறை' என்று ஒன்றுண்டு. அது பலகையில் மட்டுமே சுவடுகளை அழிக்கின்றது. சென்ற தளமும் இணைப்பைத் தரும் நிறுவனமும் அறிவதை அது தடுப்பதில்லை. கூடத்தின் கண் அறுந்ததே தவிர, வணிகனின் கண் அறுபடவில்லை. எதை விரும்பினான், எங்கே நின்றான், எவ்வளவு நேரம் நின்றான் என்று கணக்கெடுப்போர் பலர். இதனாலேயே 2023 ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்க விழைகின்றது. பிறர் பிள்ளையை வேவு பார்த்தல் குற்றம் என்று உலகச் சட்டமே உணரத் தொடங்கிவிட்டது. திருமறையைக் கையில் ஏந்தியவர்கள் தம் பிள்ளையிடத்தில் அதனை உணராதிருத்தல் தகுமா?

மனிதனின் செயல்களைக் குறித்துவைக்கும் கண்ணியமிக்க எழுத்தர்களை இறைவன் ஏற்கெனவே நியமித்திருக்கின்றான். அந்தப் பணியைப் பெற்றோர் ஏற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு விதிக்கப்பட்டது எளிதும் அன்று, சிறிதும் அன்று: அப்படிப்பட்ட எழுத்தர்கள் இருக்கின்றனர் என்னும் உறுதியைப் பிள்ளையின் உள்ளப் பலகையில் எழுதிவைத்தல். அதற்குப் பொறுமை வேண்டும். பிள்ளையோடு அமரும் நேரம் வேண்டும். தம் கையிலுள்ள பலகையை முதலில் கீழே வைக்கும் மனம் வேண்டும். அத்தகைய மனத்தை நம் அனைவர்க்கும் வல்ல நாயன் வழங்குவானாக! ஆமீன்.